காருக்கு ஒரு வீடு, ரிமோட்டுக்கு ஒரு வீடு

சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக்கொதிப்புக்கு ஒன்று என்று காலையில் மாத்திரை அட்டையைக் கிழிக்கிற என் வயதுக்காரர்களே, நமக்கெல்லாம் இப்போது ஒரே பொழுதுபோக்குதான்: பயப்படுவது. லேபிலிருந்து ரிப்போர்ட் வருவதற்கு முன்பே நான் பாதி செத்துவிடுவேன். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் படிப்பதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். "உங்களுக்கு உடம்புல ரத்தம் ஓடல, பயம்தான் ஓடுது" என்பாள் வீட்டுக்காரி. வயதாகி வந்த வியாதி என்று அவள் நினைப்பு. கிடையாது. ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே நான் இதில் தேறியவன். அதுவும் ஒரு முழம்கூட நீளமில்லாத ஒரு சிவப்புக் காரைப் பார்த்து.

அந்தக் காரைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி, துபாயில் வேலை. செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பெட்டியைத் திறந்தார். துபாய்ப் பெட்டி திறக்கும்போது வரும் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோப்பு, சென்ட், நைலான் புடவை, பேரீச்சம்பழம் எல்லாம் ஒன்றாகக் கலந்து, மூச்சை இழுத்தால் நாமே கொஞ்சம் பணக்காரர்களாகிவிட்ட மாதிரி இருக்கும். சிங்கவரத்திலிருந்து பெரியம்மாவும் அவர் மகளும் வந்திருந்தார்கள். மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு வகுப்பு மேலே.

பெட்டியின் அடியிலிருந்து கடைசியாக வந்தது கார். கறுப்பு ரப்பர் சக்கரம், பின்னால் ஒரு சின்ன இறக்கை, முதுகிலிருந்து எழும்பி நிற்கும் மெல்லிய கம்பி ஏரியல். கூடவே ஒரு ரிமோட். அதற்கும் இழுக்க இழுக்க நீளும் ஏரியல். இடது கட்டைவிரலுக்கு முன்னே பின்னே, வலது கட்டைவிரலுக்கு இடம் வலம். மாமா தரையில் வைத்து ஓட்டிக் காட்டினார். கார் கட்டிலுக்கு அடியில் போய், துடைப்பத்தைச் சுற்றிக்கொண்டு, திரும்பி வந்து அவர் காலடியில் நின்றது.

"இது பசங்களுக்கு" என்றார் மாமா. எந்தப் பசங்களுக்கு என்று சொல்லாமல் விட்டதுதான் அவர் செய்த ஒரே பிழை.

"எம்புள்ளைக்குத்தான். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் காரு?" என்றாள் அம்மா.

"ஏன், உம்புள்ள லைசென்ஸ் எடுத்து வச்சிருக்கானா?" என்றார் பெரியம்மா.

மாமா துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் என் நைனாவைப் பற்றி, அதாவது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டு வந்து நின்றால், கிணறு, மாமரம், மாட்டுக் கொட்டகை, நடுவில் ஓடும் வாய்க்கால் என எதையும் இரண்டாகப் பிரித்து, இருவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். வீட்டில் ஒரு தோசையைப் பிய்த்தால்கூட அதற்கு நான்கு எல்லை சொல்கிற ஆள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அண்ணி, சண்ட எதுக்கு? இங்க சொத்து ரெண்டு இருக்குது. காரு ஒண்ணு, ரிமோட்டு ஒண்ணு. காரு எங்க வூட்ல இருக்கட்டும். ரிமோட்டு உங்க வூட்ல இருக்கட்டும். ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் அனுபவிக்க முடியாது. பின்னாடி வில்லங்கமே வராது."

பெரியம்மா யோசித்தார். "பேட்டரி, தம்பி?"

"அவங்கவங்க பொறுப்பு."

தீர்ப்பு முடிந்தது. நைனாவின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்தத் திருப்தியின் அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. நியாயமாகப் பிரித்ததால் வந்ததல்ல அது. பெரிய பங்கு நம் வீட்டில் நின்றுவிட்டது என்ற சந்தோஷம். கார்தான் சொத்து, ரிமோட் வெறும் சுவிட்ச் பெட்டி என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வாழ்நாளெல்லாம் பாகம் பிரித்த மனிதர், தன் வீட்டுப் பாகத்தில் மட்டும் உயிரைக் கொடுத்துவிட்டு உடம்பை வாங்கி வைத்துக்கொண்டார்.

மாமா துபாய்க்குத் திரும்பிப் போனார். எங்களுக்கு லீவு விட்டார்கள்.

லீவு முழுக்க நான் செய்த வேலை, ஒயர் கூடையில் காரை வைத்து மேலே துண்டு போட்டு மூடி, டவுன் பஸ் ஏறிச் சிங்கவரம் போவது. காரின் ஏரியல் துண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே ஆடும்.

"இன்னாடா அது கூடையில? கோழியா?" என்பார் கண்டக்டர்.

"காருங்க."

"காரு வச்சிருக்கறவனுக்கு பஸ்ஸுல இன்னா வேல? எறங்கு, எறங்கு."

தினமும் இதே பேச்சு. தினமும் நான் ஒரு நொடி நிஜமாகவே இறங்கப் பார்ப்பேன்.

பெரியம்மா நிலத்தில் மோட்டார் கொட்டகையையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒட்டி ஒரு சிமெண்ட் களம் இருந்தது. மல்லாட்டை பிடுங்கிய சமயம். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். களம் முழுக்கக் காயப் போட்டிருப்பார்கள். காக்கையும் ஆடும் வராமல் பார்த்துக்கொள்ளும் காவல் அக்காவுக்கு. தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருப்பாள். நான் காரோடு போய் இறங்கினால்தான் எங்கள் சொத்து முழுமையாகும். பெரியம்மாவுக்கும் ஆட்சேபணை இல்லை. கார் உறுமிக்கொண்டு ஓடினால் காக்கை கிட்டே வராது.

மல்லாட்டையைக் காலால் கிளறிவிட்டு ஓரமாக ஒதுக்கினால் நடுவில் ஒரு சந்து கிடைக்கும். அதுதான் எங்கள் ரேஸ் ரோடு. முதல் நாள் கார் அதில் ஓடவே இல்லை. சிமெண்டின் மேல் செம்மண் தூசி மாவு மாதிரி படிந்திருந்தது. சக்கரம் சுற்றியது, கார் நின்ற இடத்தில் நடனம் ஆடியது. பழைய சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக வெட்டிப் பின்சக்கரத்துக்கு மாட்டினேன். பிடித்துக்கொண்டது. பிறகு இடது பக்கமாகவே இழுத்தது. காரைக் கவிழ்த்துப் பார்த்தால் முன்சக்கரங்களுக்கு நடுவே ஒரு குட்டி நெம்புகோல். அதை ஒரு மயிரிழை தள்ளினால் வலது பக்கம் இழுக்கும், பாதி மயிரிழை திரும்ப வந்தால் நேராகப் போகும். அந்தப் பாதி மயிரிழையைத் தேடி ஒரு முழு முற்பகல் மண்ணில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பல்சக்கரத்துக்குள் மல்லாட்டைத் தோல் போய்ச் சிக்கும். அக்கா தலையிலிருந்து ஹேர்பின்னைக் கழற்றிக் கொடுப்பாள். பேட்டரி களைத்துப் போனால் கழற்றி வெயிலில் வரிசையாகப் படுக்க வைப்போம். அது கொஞ்சம் உயிர் பிடிக்கும். அறிவியல் இதை ஒப்புக்கொள்கிறதா என்று தெரியாது. எங்கள் களத்தில் ஒப்புக்கொண்டது.

இதுவரைக்கும் சொன்னதில் பயம் எங்கே என்று கேட்பீர்கள். ஓட்டும்போதுதான்.

கார் என்னைவிட்டு விலகிப் போகும்வரை நான் ராஜா. வலது என்றால் வலது, இடது என்றால் இடது. கடைசியில் திரும்பி என்னைப் பார்த்து வர ஆரம்பித்ததும் உலகமே மாறிவிடும். நான் வலது பக்கம் அழுத்தினால் அது என் இடது பக்கம் வரும். அதன் வலது வேறு, என் வலது வேறு. இதைப் புத்தி ஒத்துக்கொள்கிறது, கட்டைவிரல் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பாகப் போகிறதே என்று இன்னும் அழுத்துவேன், இன்னும் தப்பாகப் போகும். வாயில் "ஐயோ ஐயோ" வந்துவிடும். கார் மல்லாட்டைக் குவியலுக்குள் புகுந்து நான்கு பக்கமும் காயைத் தெறிக்கவிட்டு உறுமும். நான் ரிமோட்டை அக்கா கையில் திணித்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பேன், என்னமோ அது என்னைக் கடிக்க வருகிற மாதிரி.

அக்காவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கார் எந்தப் பக்கம் பார்த்தாலும் அவள் விரல் குழம்பாது. "நீ வெளிய நின்னு பாக்கறடா. உள்ள ஏறி உக்காந்துக்கிட்டு ஓட்டு" என்பாள். உள்ளே ஏற எனக்குத் தெரியவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கார் திரும்பியதும் நானும் திரும்பி அதற்கு முதுகைக் காட்டி, கழுத்தை மட்டும் வளைத்துத் தோளுக்கு மேலே பார்த்து ஓட்டினேன். இப்போது அதன் வலதும் என் வலதும் ஒன்று. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னாடா கழுத்து சுளுக்கிக்கிச்சா? உருவி விடட்டா?"

இப்படிச் சுளுக்குக் கழுத்தோடு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மருந்துக்கடைக்காரர் மகன் வந்து சேர்ந்தான். செஞ்சிக் கடைத்தெருவில் அவர்களுடைய மருந்துக்கடை. என் வகுப்புதான். கியர் வைத்த சைக்கிள், கையில் கடிகாரம், கேரியரில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் நீலக் கார். அவன் சித்தப்பா சிங்கப்பூர்.

"உனக்கு மட்டும்தான் காரு இருக்குதுன்னு நெனச்சியா?" என்று சொல்லிக்கொண்டே தன் ரிமோட்டை எடுத்து ஏரியலை இழுத்து, குமிழைத் தள்ளினான்.

தரையில் இருந்த அவனுடைய நீலக் கார் பாய்ந்தது. அதே நொடியில், என் கையில் சாதுவாக இருந்த சிவப்புக் கார் கிர்ரென்று சீறி, சக்கரத்தால் என் சட்டைப் பொத்தானைக் கவ்வியது. அக்கா தன் ரிமோட்டைத் தொடவே இல்லை. நான் காரைக் கீழே போட்டேன் என்று சொன்னால் அது கௌரவமான பேச்சு. தூக்கி எறிந்துவிட்டுத் தொட்டிச் சுவரின் மேல் ஏறி நின்றேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. அவ்வளவு உயரத்தில் அதற்கு முன்பும் ஏறியதில்லை, பின்பும் ஏறியதில்லை.

"பேய்க்கா! அதுக்குள்ள பேய் பூந்துட்ச்சு!"

அக்கா பேய்க்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தன் ரிமோட்டை அழுத்தினாள். இரண்டும் ஓடின. அவன் ரிமோட்டை வாங்கி அழுத்தினாள். அப்போதும் இரண்டும் ஓடின. இரண்டு ரிமோட்டையும் ஒன்றாக அழுத்தினாள். இரண்டு கார்களும் வலிப்பு வந்த மாதிரி உதறிக்கொண்டு நின்றன.

"ரேடியோ மாதிரிதான்டா. ரெண்டும் ஒரே ஸ்டேஷன்ல பாடுது" என்றாள். "ஒரு நேரத்துல ஒரு ரிமோட்டுதான் எழுப்பணும். எறங்கு கீழ."

நான் இறங்கினேன். மருந்துக்கடைக்காரர் மகன் சிரித்துக்கொண்டே இருந்தான். அது போதாதென்று, கார் ஒரு வீட்டில், ரிமோட் ஒரு வீட்டில் என்ற எங்கள் குடும்பச் சங்கதியும் அவன் காதுக்கு எட்டியிருந்தது. அக்கா வயலில் இருந்த பெரியம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோன நேரம் பார்த்து ஆரம்பித்தான்.

"நீ பாதிக் காருக்காரன்தான்டா. ரிமோட்டு இல்லாத காரு காரா? பொம்ம."

"யார்றா பாதி?"

"நீதான். எங்க, எங்கூட ஓட்டி ஜெயி பாப்போம்."

"ஜெயிச்சா இன்னா தருவ?"

"எங்காரு. தோத்தா உங்காரு எனக்கு. சரியா?"

சரி என்று சொன்ன வாய் என்னுடையதுதான். சொன்னது நான் இல்லை என்று எந்தச் சாமி முன்னாலும் கற்பூரம் அடிப்பேன். பயந்தாங்கொள்ளிகளுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. பயம் உச்சிக்குப் போனதும் வாய் வீரனாகிவிடும்.

அக்கா திரும்பி வந்தாள்.

"எந்தக் காரப் பந்தயம் வச்ச?"

"நம்ம காரு."

"நம்ம காருன்னா? அதுல எனக்குப் பாதி இருக்குதா இல்லியா? என் பாதியக் கேக்காம எப்பிட்றா வச்ச?"

"ரிமோட்ட வக்கலக்கா. காரு மட்டும்தான்."

"காரு போனப்புறம் இந்த ரிமோட்ட வச்சுக்கிட்டு நான் இன்னா, முதுகு சொறியவா?"

சட்டச் சிக்கல் முழுவதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவே ஓட்டட்டும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர் மகன் விடவில்லை. "பந்தயம் வச்சது நீ. ஓட்டறதும் நீதான். முதுகு காட்டியெல்லாம் ஓட்டக் கூடாது. நேரா நிக்கணும்." பந்தயம் மறுநாள் என்று முடிவானது.

அக்கா என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். "தோத்தேன்னு வையி, காருக்குப் பதிலா உன்னத்தான் ஒயர் கூடையில வச்சு மருந்துக்கடைக்கு அனுப்புவேன்" என்றாள். பாதி விளையாட்டு என்று இப்போது தோன்றுகிறது. அன்று மருந்துக்கடையில் நான் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. நைனா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா, கூட்டுச் சொத்த ஒரு பங்காளி மட்டும் யாரையும் கேக்காம பந்தயம் வச்சுட்டா செல்லுமா?"

"செல்லவே செல்லாது. இன்னொரு பங்காளி சம்மதம் வேணும்."

என் வயிற்றில் பால் வார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா அத கோர்ட்டுல போயி நிரூபிக்கறதுக்குள்ள ரெண்டு பங்காளியும் செத்துருவாங்க. யாரு கேட்டது? பார்ட்டி எந்த ஊரு?"

"சும்மாத்தான் நைனா."

மகன் தொழிலில் ஆர்வம் காட்டுகிறான் என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லைப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தேன்.

மறுநாள் களத்தில் ஊர்ப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். வெயில் பக்கத்து மலைப் பாறையில் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் அடித்தது. ஒரே ஸ்டேஷன் என்பதால் ஒருவர் ஓட்டி முடித்த பிறகுதான் அடுத்தவர். அப்படியானால் யார் வேகம் என்று எப்படிச் சொல்வது? மருந்துக்கடைக்காரர் மகன் தன் கைக்கடிகாரத்தை நீட்டினான்.

"உங்கடியாரம் உன் பேச்சத்தான் கேக்கும்" என்றாள் அக்கா. "எங்க ஊர்க் கடியாரம் ஒண்ணு இருக்குது, வா."

மோட்டார் கொட்டகையிலிருந்து தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாயில் ஓர் இணைப்பு மோட்டார் ஓடும்போதெல்லாம் கசியும். சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதையும் மீறி ஒழுகும் தண்ணீருக்குக் கீழேதான் பெரியம்மா குடிதண்ணீர்க் குடத்தை வைப்பார். அக்கா அந்த ட்யூப் கட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் விழுந்தது. கார் கிளம்பும்போது காலிக் குடத்தை வைக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். குடத்தில் துடைப்பக் குச்சியை விட்டு, நனைந்த அளவுக்கு ஒடித்துக்கொள்ள வேண்டும். யாருடைய குச்சி குட்டையோ அவன் ஜெயித்தான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவனும் ஒத்துக்கொண்டான்.

முதலில் அவன். சந்து நெடுக ஓடி, கடைசியில் கவிழ்த்து வைத்திருந்த கூடையைச் சுற்றிக்கொண்டு, திரும்பி வந்து சேர வேண்டும். நன்றாகவே ஓட்டினான். ஒரே ஒரு முறை ஓரத்தில் உரசினான். அக்கா குச்சியை ஒடித்தாள். அவள் உள்ளங்கை நீளம் இருந்தது.

அடுத்தது நான். குடத்தைக் கொட்டி மீண்டும் வைத்தார்கள். காலிக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டொய்ங் என்று ஆரம்பித்து, நிறைய நிறைய அடித் தொண்டைக்கு இறங்கும். அது என்னைப் பார்த்து "போச்சு, போச்சு" என்றே சொன்னது. கார் போன வேகத்தைக் கண்டு பிள்ளைகள் கத்தினார்கள். பாதி மயிரிழை தேடியது வீண் போகவில்லை, நூல் பிடித்த மாதிரி ஓடியது. கூடையைச் சுற்றியது. என்னைப் பார்த்துத் திரும்பியது.

அவ்வளவுதான். வலது இடதாயிற்று. முதுகைத் திருப்பப் போனேன். "நேரா நில்லுடா!" என்று கத்தினான் அவன். நேராக நின்றேன். கார் மல்லாட்டைக்குள் புகுந்தது. பின்னால் இழுத்தேன், எதிர்க் குவியலில் போய் முட்டியது. "ஐயோ ஐயோ" வந்துவிட்டது. குடத்தின் சத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. கண்ணுக்கு முன்னால் மருந்துக்கடை, அதன் படியில் ஒயர் கூடை, கூடைக்குள் நான்.

அப்போது கரண்ட் போயிற்று.

மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ஒழுகிய தண்ணீர் கம்பியாகி, நூலாகி, சொட்டாகி, நின்றுவிட்டது. எல்லோரும் குடத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க் கடிகாரம் நின்றுவிட்டது.

"போங்கு! போங்கு!" என்றான் மருந்துக்கடைக்காரர் மகன்.

"இன்னா போங்கு? கொடம் அப்பிடியேதான் இருக்குது. நீ ஓட்றா" என்றாள் அக்கா.

இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் என் கைக்குள் என்னவோ இறங்கி அமைதியானது. காரை மெல்லப் பின்னால் எடுத்தேன். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். உன் வலது உன்னுடையது, என் வலது என்னுடையது, சண்டை வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கட்டைவிரலை எதிர்ப்பக்கம் தள்ளினேன். கார் சந்துக்கு நடுவில் வந்தது. இன்னொரு முறை தள்ளினேன். கோயில் தேர் மாதிரி நிதானமாக ஊர்ந்து வந்து என் காலடியில் நின்றது. முதுகு காட்டாமல், "ஐயோ" சொல்லாமல் நான் அதை வீடு கொண்டு சேர்த்தது அதுதான் முதல் முறை.

அக்கா குச்சியை விட்டு ஒடித்தாள். என் குச்சி குட்டை.

விதிப்படி இரண்டு கார்களும் எங்களுக்கு. நான் குதித்த குதியில் மீண்டும் தொட்டிச் சுவர்மேல் ஏறியிருப்பேன். மருந்துக்கடைக்காரர் மகன் குதிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. நீலக் காரை எடுத்துச் சட்டையால் தூசி துடைத்தான். "எங்கப்பா தோல உரிச்சுருவாரு" என்றான், யாரிடமும் இல்லாமல்.

அக்கா இரண்டு குச்சிகளையும் பார்த்தாள். "கரண்ட்டு போயி ஜெயிச்சதெல்லாம் ஜெயிப்பாடா? கரண்ட்டு வரட்டும். நீ மறுபடி ஓட்டு."

"அக்கா! குச்சி குட்டையாத்தானே இருக்குது!"

"மறுபடின்னா மறுபடி."

கரண்ட் வரவே கூடாது என்று செஞ்சிச் சுற்றுவட்டாரத்துச் சாமி அனைத்துக்கும் வேண்டிக்கொண்டேன். கரும்புக்கும் வாழைக்கும் தண்ணீர் இல்லாமல் எத்தனை பேர் தவித்தார்களோ தெரியாது. நான் அவ்வளவு சுயநலத்தோடு இருந்தேன்.

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியுமா? அக்கா இரண்டு கார்களையும் ஒன்றாக நிறுத்தினாள். அவன் ரிமோட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, தன் ரிமோட்டால் இரண்டையும் ஓட்டினாள். சிவப்பும் நீலமும் நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி ஒன்றாகப் போயின, ஒன்றாகத் திரும்பின, ஒன்றாகப் பின்வாங்கின. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நீலம் கொஞ்சம் வலது பக்கம் இழுத்தது. நான் அதைக் கவிழ்த்து, அதன் நெம்புகோலைத் தேடிப் பாதி மயிரிழை தள்ளிவிட்டேன். யாருடைய காரைச் சரிசெய்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டே ஓடின. மருந்துக்கடைக்காரர் மகன் அக்காவிடம் கையை நீட்டினான். அவள் ரிமோட்டைக் கொடுத்தாள். அவன் இரண்டையும் களத்தைச் சுற்றவைத்தான். ஒரு காக்கை அலறிக்கொண்டு பறந்தது. அவன் சிரித்தான்.

"பந்தயம் கேன்சலு" என்றான், காரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேன்சல்!" என்றேன் நான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து கீழே விழுவதற்குள் பிடித்துவிட்டேன்.

அக்கா இரண்டு குச்சிகளையும் வாய்க்காலில் விட்டெறிந்தாள். பேட்டரிகள் களைத்துப் போயிருந்தன. இரண்டு காரின் பேட்டரிகளையும் கழற்றி, யாருடையது எது என்று பிரிக்காமல் வெயிலில் பரப்பினோம். நிழலில் உட்கார்ந்து பச்சை மல்லாட்டையை உரித்துத் தின்றோம். அதன் பால் வாசனை விரலில் ஒட்டியது. எனக்கு அன்று நன்றாகப் பசித்தது.

கரண்ட் வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. வந்தால் தானாக ஓடட்டும் என்று ஸ்டார்ட்டரில் ஒரு குச்சியைச் செருகி வைப்பது அங்கே வழக்கம். மோட்டார் தானாக உறுமி எழுந்தது. அக்கா தளர்த்திவிட்டிருந்த ட்யூப் கட்டு, முதல் வேகத்தில் பட்டென்று அறுந்து பறந்தது. குழாய் இணைப்பிலிருந்து தண்ணீர் யானைத் தும்பிக்கை மாதிரி கிளம்பி, நேராகக் களத்தில், காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையின் மேல் விழுந்தது.

"மோட்டார நிறுத்துடா!" என்று அக்கா கத்தினாள். நான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே ஓடினேன். அக்காவே ஓடிப்போய் நிறுத்தினாள். அதற்குள் பாதிக் களம் நனைந்திருந்தது. பெரியம்மா வரப்பின் மேல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. அவர் வாய் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. எல்லோரும் கூடையை, முறத்தை, தட்டை, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நனைந்ததை ஒருபுறம், நனையாததை ஒருபுறம் என்று அள்ளத் தொடங்கினோம். மருந்துக்கடைக்காரர் மகன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளினான்.

பெரியம்மா திட்டித் திட்டிக் களைத்து, இடுப்பில் கையை வைத்து நின்றார். பந்தயம் நடக்கிற செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது போல.

"இவ்ளோ கூத்து அடிச்சீங்களே, கடைசியில யார்றா ஜெயிச்சது?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மருந்துக்கடைக்காரர் மகன்தான் நிமிர்ந்து பதில் சொன்னான்.

"கரண்ட்டுங்க."

"அப்ப அந்தக் கரண்ட்டையே கூப்புட்டு அள்ளச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா அவன் கையில் இன்னும் பெரிய கூடை ஒன்றைக் கொடுத்தார்.